துண்டுக்குள் பேசும் விலை: கொங்கு மண்ணிலிருந்து திரைக்கதை எழுதக் கற்க ஒரு முழு வழிகாட்டி

சத்தி, கோபி, தாராபுரம் பக்கமிருந்து என்னைப் பார்க்க வருகிற தம்பி தங்கச்சிகள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "ஏனுங்ணா, திரைக்கதை எழுதக் கத்துக்கோணும்னா மெட்ராஸுக்குப் போயே ஆகோணுங்களா?"

படம் பண்ண ஒருநாள் போகத்தான் வேண்டியிருக்கும். எழுதக் கற்பதற்குப் போக வேண்டியதில்லை. நான் ஏழு வருசம் அங்கே உதவி இயக்குநராக இருந்தவன். கதை விவாதம் நடக்கிற டிஸ்கஷன் ரூமில் உட்கார்ந்து கற்றது நிறைய உண்டு. ஆனால் காட்சி என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது, ஊருக்குத் திரும்பிய பிறகு, காங்கேயத்தை அடுத்த கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றபோதுதான். இரண்டு பேர் கையோடு கை கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாய் மழையைப் பேசியது, விரல்கள் விலையைப் பேசின. சுற்றி நின்ற நாங்கள் அத்தனை பேரும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த வழிகாட்டியும் அந்தத் துண்டை விட்டு அதிக தூரம் போகாது.

கொங்கு நாட்டில் திரைக்கதை எழுதுவது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. குண்டலகேசிக் கதையிலிருந்து உருவான 'மந்திரிகுமாரி' (1950) அங்கே தயாரானதுதான், எழுதியவர் மு. கருணாநிதி. கோவையில் பட்சிராஜா ஸ்டுடியோ 1954-இல் எடுத்த 'மலைக்கள்ளன்', நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் நாவல். நாமக்கல்காரர் கதையைக் கோவையில் படமாக்கினார்கள், பெரிய வெற்றி பெற்றது. திரைக்கதைக்கென்றே பேர் வாங்கிய கே. பாக்யராஜ், கோபிக்குப் பக்கத்து வெள்ளாங்கோயில்காரர். அதனால் தயக்கம் வேண்டாம். நோட்டை எடுங்கள்.

முதல் வேலை: ஒரு படத்தைப் பிரித்துப் போடுங்கள்

உங்களுக்குப் பிடித்த ஒரு தமிழ்ப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பார்த்ததாக இருக்கட்டும், அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் இருந்தால் கை எழுதாது. செல்போனில் ஓடவிட்டு, ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நிறுத்தி நான்கு விஷயம் எழுதுங்கள். எத்தனையாவது நிமிடம்? எந்த இடம், பகலா இரவா? இந்தக் காட்சியில் யாருக்கு என்ன வேண்டும்? காட்சி தொடங்கும்போது இருந்ததில் எது மாறிப்போனது?

நான்காவது கேள்விக்குத்தான் உயிர். "ஹீரோ டீக்கடைக்கு வருகிறான், நண்பர்களோடு பேசுகிறான்" என்று எழுதினால் அது பதில் ஆகாது. "அண்ணனை நம்பிக்கொண்டிருந்தவன், இப்போது நம்பவில்லை" என்பது பதில். ஒரு காட்சிக்கு அப்படி எதுவும் எழுத வரவில்லை என்றால், ஒன்று உங்களுக்குப் பிடிபடவில்லை, இல்லை அந்தக் காட்சி படத்துக்குத் தேவையில்லை. இரண்டில் எது என்று யோசிப்பதுதான் பாடம்.

இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பெரும்பாலும் 60 முதல் 80 காட்சிகள் வரை வரும். இந்தப் பட்டியலைத்தான் தொழிலில் 'சீன் ஆர்டர்' என்கிறோம். முழுப் படத்தையும் முடிக்க மூன்று நாலு நாள் பிடிக்கும். ஐந்து படத்துக்கு இப்படிச் செய்யுங்கள். எதை எடுப்பது என்று தெரியாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது 1981-இல் வந்த பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்'. கல்யாண ராத்திரியிலேயே சிக்கலை நடுவீட்டில் வைத்துவிடுகிற கதை அது. ஏழே நாள் என்று தலைப்பிலேயே கெடுவும் வைத்திருக்கிறார். கெடு வைத்த கதை தானாக ஓடும் என்பதைச் சீன் ஆர்டர் எழுதும்போது கண்ணால் பார்ப்பீர்கள்.

கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் எழுதப் பழகுங்கள்

நாவலில் "அவள் மனம் கலங்கினாள்" என்று எழுதலாம். திரைக்கதையில் அதை எழுதினால் கேமராமேன் என்ன எடுப்பார்? திரையில் தெரிவதும் ஸ்பீக்கரில் கேட்பதும் தவிர வேறெதுவும் உங்களுக்குச் சொந்தமில்லை. என் முதல் ஸ்கிரிப்ட் 140 பக்கம். அதில் 'நினைத்தான்', 'உணர்ந்தாள்', 'புரிந்துகொண்டான்' என்ற மூன்று சொற்களையும் ஒரு மூத்த இணை இயக்குநர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தார். ஒரு பக்கம்கூட வட்டம் இல்லாமல் தப்பவில்லை. அந்த ஒரு மாலை எனக்கு ஒரு வருசப் படிப்பு.

பயிற்சி சொல்கிறேன். கோபியிலிருந்து சத்திக்கு டவுன் பஸ்ஸில் போங்கள். ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து, அவர் செய்கிறதை மட்டும் பத்து வரி எழுதுங்கள். 'கவலையாக உட்கார்ந்திருந்தார்' கூடாது. 'டிக்கெட்டைச் சுருட்டி மோதிரத்துக்குள் செருகுகிறார், மறுபடி எடுக்கிறார், மறுபடி செருகுகிறார்' சரி. தினமும் ஒரு ஆள், ஒரு மாதம். ஈரோட்டு மஞ்சள் மண்டி, பொள்ளாச்சி சந்தை, திருப்பூரில் ஷிப்ட் விடுகிற நேரத்துப் பனியன் கம்பெனி வாசல், சென்னிமலைத் தறிக்குடிசை, ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹால் என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். அவர் மனசில் என்ன ஓடுகிறது என்பதை எழுதாமலேயே படிக்கிறவருக்குத் தெரிந்துவிட்டால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

காலம் போனதைச் சொல்வதும் இப்படித்தான். 'ஆறு மாதங்களுக்குப் பிறகு' என்று எழுத்துப் போடுவது எளிது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதம் வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். ஒரு ஷாட்டில் கட்டுத்தரையில் செவலைக் கன்று, பக்கத்தில் பால் கறக்கும் புருசன். அடுத்த ஷாட்டில் அதே கட்டுத்தரை, சாம்பல் நிறக் கன்று, சுவரில் மாலை போட்ட போட்டோ. மாடு வளர்க்கிறவருக்கு நிறம் சொல்லிவிடும். மற்றவர்களுக்கு வளர்த்தி சொல்லும். இப்படி ஒன்றை ஊர்க்காரரான நீங்கள்தான் எழுத முடியும், டிஸ்கஷன் ரூமில் உட்கார்ந்து யோசித்தால் வராது.

ஒன் லைன்

கதையை ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். அந்த வாக்கியத்தில் நான்கு விஷயமும் இருக்க வேண்டும்: யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கிடைக்காவிட்டால் எதை இழப்பார். கண்ணபுரத்தில் நின்ற அன்று தொடங்கி, கடைசியில் நான் வந்து சேர்ந்த வாக்கியம் இது:

புருசன் போன பிறகு கடனை அடைக்கக் காளையை விற்கச் சந்தைக்கு வருகிற பழனியம்மா, ஆம்பிளைகள் மட்டும் கை நுழைக்கிற துண்டுக்குள் தன் மாட்டுக்கு என்ன விலை பேசப்படுகிறது என்று தெரிந்துகொண்டே தீரவேண்டும், தெரியாமல் போனால் மாட்டோடு சேர்ந்து இனி வீட்டில் தன் பேச்சும் எடுபடாது.

இந்த வாக்கியத்துக்கு வர எனக்கு இருபது நாள் ஆனது. முதலில் எழுதியது "ஒரு விதவைத் தாயின் போராட்டம்". அதில் யார் எதற்காக எங்கே ஓடுகிறார்கள் என்பதே இல்லை. 'போராட்டம்', 'வாழ்க்கை', 'உறவுகளின் அருமை' என்று உங்கள் ஒன் லைனில் வந்தால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். கையால் தொடக்கூடிய ஒரு பொருள் அதில் இருக்கட்டும். எனக்கு அது துண்டு.

அடுத்து, எதிரே நிற்பவரை எழுதும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள், நான் சறுக்கிய இடம் இதுதான். பழனியம்மாவுக்காக விலை பேசுகிறவர் கொழுந்தனார் சுப்பிரமணி. முதல் எழுத்தில் அவரைத் திருடனாக்கினேன். துண்டுக்குள் அதிக விலைக்குப் பேசிவிட்டு அண்ணன் சம்சாரத்திடம் குறைத்துச் சொல்லி மீதியை அமுக்குகிறார். கதை பத்தாவது காட்சியிலேயே செத்துப்போனது. அவர் திருடன் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது, இனி மாட்டிக்கொள்வது ஒன்றுதான் பாக்கி. மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. பிறகு ஒரு நாள் சுப்பிரமணியின் பக்கத்தில் நின்று யோசித்தேன். இந்த மனுசனுக்கு என்ன வேண்டும்? அண்ணன் குடும்பம் ஊர் முன்னால் தாழ்ந்துவிடக் கூடாது. அப்படியானால்? துண்டுக்குள் அறுபதாயிரம். பழனியம்மாவிடம் அவர் சொல்வது எழுபத்தஞ்சு. மீதிப் பதினஞ்சாயிரம் அவர் கைக்காசு.

கணக்கு தலைகீழானதும் கதை எழுந்து உட்கார்ந்தது. அவர் செய்வது நல்லது. அவள் கேட்பது நியாயம். அவள் தானம் கேட்கவில்லை, தன் மாட்டுக்கு உள்ள விலையைக் கேட்கிறாள். இருவரும் நல்லவர்கள், இருவரும் ஒருவரை ஒருவர் நோகடிக்கிறார்கள். எந்தக் கதையிலும் எதிராளி பக்கம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். அவருக்கும் நியாயம் இருக்கிறது என்று தெரிகிறவரை முதல் காட்சியை எழுதாதீர்கள்.

ஒரு காட்சியைக் கட்டுவது எப்படி

வெளிநாட்டுப் பாடங்களில் காட்சித் தலைப்பு என்று ஒன்று சொல்லித்தருவார்கள்: உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா. இதைப் படித்தபோது எனக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ் ஐயாதான் ஞாபகம் வந்தார். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்த நிலத்தில் இருக்கும் மரம், விலங்கு, உணவு, தொழில், பறை எல்லாம் கருப்பொருள். அங்கே நிகழும் மன உணர்வு உரிப்பொருள். ஒரு காட்சிக்கு இந்த மூன்றும் போதும். முதற்பொருளை மட்டும் எழுதினால் வெறும் லொகேஷன். உரியை மட்டும் எழுதினால் அழுகைக் காட்சி. கருப்பொருள்தான் இரண்டையும் கட்டுகிற கயிறு. பழனியம்மாவின் உரிப்பொருளை நான் எழுதவே தேவையில்லை. துண்டு, மூக்கணாங்கயிறு, காளை, வேப்பமரம் இவற்றை ஒழுங்காக வைத்தால் அது தானாக வந்து உட்காரும்.

காட்சியை எழுதிக் காட்டுகிறேன்.

காட்சி 14
வெளி – கண்ணபுரம் சந்தை, வேப்பமரத்தடி – பகல்

மயிலைக் காளை (சாம்பல் நிறம்). அதன் கயிறு பழனியம்மாவின் (52) கையில். நாலடி தள்ளிச் சுப்பிரமணி (48), எதிரே வெள்ளைச் சட்டை வியாபாரி. இருவரின் வலக்கையும் ஒரு பச்சைத் துண்டுக்குள்.

வியாபாரி: மழ எப்படீங்க உங்கூர்ல?
சுப்பிரமணி: எங்கீங்க. ரெண்டு தூத்தலோட போச்சுங்க.

துண்டு அசைகிறது. வியாபாரி தலையை ஆட்டி மறுக்கிறார்.

வியாபாரி: கெணத்துல தண்ணி கெடக்குதுங்ளா?
சுப்பிரமணி: கெடக்குதுங்க.

துண்டு அசைவது நிற்கிறது. சுப்பிரமணி பழனியம்மாவைப் பார்க்கிறார். உடனே பார்வையைக் காளைக்கு மாற்றுகிறார்.

பழனியம்மா: எத்தனைக்குங்க கேக்கறாங்க?
சுப்பிரமணி: நீங்க மாட்டப் புடிங்க நங்கையா. நாம் பேசறனல்லொ.

காளை தலையை உலுக்குகிறது. கயிறு அவள் கையில் இறுகுகிறது. அவள் கண் துண்டை விட்டு நகரவில்லை.

காட்சி முடிந்தது. இதில் விலை என்ற சொல்லே கிடையாது, ஆனால் விலை தவிர வேறு பேச்சும் கிடையாது. கவனித்துப் பாருங்கள்: அவளுக்கு வேண்டியது ஒன்று, தடுப்பது ஒன்று. தொடங்கும்போது கொழுந்தனாரை நம்பி நின்றவள், முடியும்போது நம்பவில்லை. அந்த ஒரு பார்வை, உடனே விலகுகிற பார்வை, அதுதான் மாற்றம். பார்க்கிறவர்கள் எல்லாரும் இவர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டுவார்கள். கட்டட்டும், எனக்கு அதுதான் வேண்டும்.

காட்சிக்குள் தாமதமாக நுழையுங்கள், சீக்கிரம் வெளியேறுங்கள். வியாபாரி வருவது, கும்பிடு போடுவது, மாட்டுக்குப் பல் பார்ப்பது எல்லாம் என் முதல் எழுத்தில் இருந்தன. ஒவ்வொன்றாக வெட்டினேன். துண்டு போட்ட இடத்திலிருந்துதான் காட்சியே.

வசனம்: 'ங்க' என்ற ஆயுதம்

கொங்குத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு வேறு வட்டாரத்தில் கிடைக்காத ஒரு கருவி இருக்கிறது. இங்கே சண்டையிலும் மரியாதை போகாது. பெரியவர்கள் சின்னப் பிள்ளையைக்கூட "வாங்க கண்ணு" என்பார்கள். வரப்புத் தகராறில் பங்காளிகள் அரை மணி நேரம் "வரப்பு உங்களுதுன்னு யாருங்க சொன்னது?" என்றே பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த 'ங்க' விழுகிற கணம் இருக்கிறதே, "உன்றதுன்னு எவஞ் சொன்னான்?" என்று வருகிற கணம், அங்கே ஒரு உறவு முறிந்துவிட்டது. கத்த வேண்டாம், மியூசிக் வேண்டாம். படம் முழுக்க எங்கே 'ங்க' விழ வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். என் கதையில் பழனியம்மா ஒரே ஒரு இடத்தில்தான் கொழுந்தனாரை 'ங்க' இல்லாமல் பேசுகிறாள். அதற்காக 40 காட்சி காத்திருந்தேன்.

காதைத் தீட்டிக்கொள்ள ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் எழுதிய 'நாகம்மாள்' நாவலை வாங்கிப் படியுங்கள். கொங்குப் பேச்சு எழுத்தில் எப்படி நிற்கும் என்பதற்கு அதுதான் எனக்கு முதல் பாடம். சொல்லில் சந்தேகம் வந்தால் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி இருக்கிறது. ஆனால் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு வசனம் எழுதாதீர்கள். 'ஒறம்பரை', 'அப்புச்சி', 'ஒட்டுக்கா', 'பொழுதோட', 'சாளை' எல்லாம் ஒரே வசனத்தில் வந்தால் அது கண்காட்சி. ஒரு வீட்டில் பாட்டி 'பொழுதோட' என்பாள், பேத்தி 'ஈவினிங்' என்பாள். இரண்டும் அந்த வீட்டுத் தமிழ்தான். திருப்பூரை எழுதினால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பவர் தேனிக்காரராக இருக்கலாம், பேட்லாக்கில் இருப்பவர் மதுரைக்காரராக இருக்கலாம், செக்கிங் டேபிளில் ஒடிசாப் பிள்ளை நிற்கலாம். எல்லாரையும் 'ஏனுங்க' என்று பேசவிட்டால் ஊரே பொய்யாகிவிடும்.

எழுதிய வசனத்தை வாய்விட்டுப் படியுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு இன்னொருவரிடம் கொடுத்து யார் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். அவர் திணறினால் அந்தப் பாத்திரம் இன்னும் உருவாகவில்லை.

சீன் ஆர்டரும் இடைவேளையும்

இப்போதுதான் முழுக்கதையை வரிசைப்படுத்துகிற வேலை. ஒரு காட்சிக்கு ஒரு அட்டை. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும், அதற்கென்று காசு செலவழிக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் இரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள். தரையில் பரப்பி, எழுந்து நின்று பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு அட்டைகளுக்கு நடுவில் 'அதனால்' அல்லது 'ஆனால்' வருகிறதா என்று சொல்லிப் பாருங்கள். 'அப்புறம்' மட்டுமே வந்தால் அங்கே கதை நடக்கவில்லை, சம்பவங்கள் வரிசையாக நிற்கின்றன.

அமெரிக்காவின் சிட் ஃபீல்டு 1979-இல் சொன்ன மூன்று பகுதிக் கணக்கை எல்லாரும் படிக்கிறோம். 120 பக்கத்தில் 30 பக்கம் அறிமுகம், 60 பக்கம் மோதல், 30 பக்கம் தீர்வு. நல்ல கணக்குதான். ஆனால் நம் படத்துக்கு நட்டநடுவில் கதவைத் திறந்துவிடுகிறோம், ஆட்கள் எழுந்து போய் பாப்கார்ன் வாங்குகிறார்கள். அவர்களைத் திரும்ப உட்கார வைக்கிற கொக்கி அந்த இடத்தில் இருந்தாக வேண்டும்.

இதைக் கற்க நான் பரிந்துரைப்பது உடுக்கைப் பாட்டு. சின்ன வயசில் அப்புச்சி ஊரில் அண்ணன்மார் கதை ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். பொன்னரும் சங்கரும் முடிவில் மாளப்போவது கூட்டத்தில் குந்தியிருக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் மறுநாள் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தோம். ஏனென்றால் பாட்டுக்காரர் ஒவ்வொரு ராத்திரியும் யாரோ ஒருவர் கதவுக்குள் காலெடுத்து வைக்கிற இடத்தில் உடுக்கையைக் கீழே வைத்துவிடுவார். நுழைந்த பிறகு நிறுத்தமாட்டார், நுழைவதற்கு முன்னாலும் நிறுத்தமாட்டார். பக்கத்தில் எங்காவது, அண்ணன்மார் மாள்கிற படுகளம் பாடினால் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேளுங்கள். கூட்டம் எந்த இடத்தில் முன்னால் சாய்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் கதையில் இடைவேளை: பழனியம்மா காளையின் கயிற்றை மரத்தில் கட்டுகிறாள். நடந்து வருகிறாள். சந்தை முழுக்கப் பார்க்க, துண்டுக்குள் கையை விடுகிறாள்.

அவள் விரல் என்ன கணக்கைத் தொட்டது என்பது இரண்டாம் பாதி.

பேப்பர், ஃபான்ட், பக்கக் கணக்கு

இது சின்ன விஷயம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் வழக்கமாகப் பேப்பரைப் பாதியாகப் பிரித்து இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று எழுதுவார்கள். இப்போது நான் மேலே எழுதிக் காட்டியது போல ஒரே பத்தியிலும் எழுதுகிறார்கள். இரண்டும் செல்லும், ஒன்றையே கடைசிவரை பின்பற்றுங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய ஃபான்ட்டில் அடித்த ஸ்கிரிப்ட் இன்னொருவர் கம்ப்யூட்டரில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத்தில் கூரியர் 12 எழுத்துக்கு வைத்தது. தமிழுக்கு அது ஒட்டாது. காட்சியை நடந்துகொண்டே படித்து, செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து, ஓரத்தில் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் எழுத்தை ஒரு மூச்சில் முடியுங்கள், திரும்பிப் பார்க்க வேண்டாம். முடித்ததும் இருபது நாள் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். எடுத்து, ஒரு பென்சிலோடு படியுங்கள். என் கணக்கில் முதல் எழுத்து கால்வாசி வேலை. மீதி முக்கால்வாசி திருத்தி எழுதுவதில் இருக்கிறது.

நடுவில் பத்து நிமிடக் குறும்படம் ஒன்றை எழுதி, செல்போனிலேயே எடுத்துவிடுங்கள். நீங்கள் அழகாக எழுதிய நாலு பக்க வசனத்தை ஒரு நடிகர் ஒரு பெருமூச்சில் முடித்துவிடுவதை நேரில் பார்த்தால்தான் பேனா அடங்கும்.

முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்குச் சென்னை தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் இயக்கமும் திரைக்கதையும் சேர்ந்த பட்டப்படிப்பு உண்டு. புனே திரைப்படக் கல்லூரியில் திரைக்கதைக்கென்றே தனிப்படிப்பு உண்டு. புனேயில் சேர நுழைவுத் தேர்வு இருக்கும். மேலே சொன்ன பயிற்சி நோட்டுகளோடு போகிறவர் அங்கே தனியாகத் தெரிவார்.

கதை சொல்லப் போவதற்கு முன்

பதிவு செய்யாமல் வாசல்படி தாண்டாதீர்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதி முடித்த கணத்திலேயே உரிமை உங்களுடையது. அது உங்கள் ஆயுளுக்கும், அதன் பிறகு 60 வருசத்துக்கும் செல்லும். பதிவு என்பது எந்தத் தேதியில் உங்களிடம் இருந்தது என்பதற்குச் சாட்சி. மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். சங்கத்தில் உறுப்பினரானவர்கள் சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்கிறார்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வெறும் கருவுக்குப் பாதுகாப்பு கிடையாது, எழுதி விரித்த வடிவத்துக்குத்தான் உண்டு. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். என்னிடம் ஒரு கரு இருந்தது, வாய்மொழியாக ஓர் அலுவலகத்தில் சொன்னேன், இரண்டு வருசம் கழித்துத் திரையில் பார்த்தேன். கையில் ஒரு தாள்கூட இல்லாததால் கேட்கவும் முடியவில்லை. அந்த வலி உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஒன் லைனை மட்டும் பதிவு செய்யாதீர்கள், முழு ஸ்கிரிப்டையும் செய்யுங்கள். ஒப்பந்தம் வரும்போது இதையும் மனசில் வையுங்கள்: 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டர் தவிர மற்ற வழிகளில் படம் சம்பாதிக்கும் ராயல்டியில் எழுத்தாளருக்குள்ள பங்கைத் தயாரிப்பாளர் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கதை சொல்லுதல்

கோடம்பாக்கத்தில் ஸ்கிரிப்டை வாங்கிப் படிப்பதைவிட உட்காரவைத்துக் கேட்பதுதான் வழக்கம். இரண்டு மணி நேரம் நீங்களே எல்லாப் பாத்திரமுமாகிச் சொல்ல வேண்டும். முதலில் ஊரில் பத்துப் பேரிடம் சொல்லுங்கள். மாமன் மச்சான்களை விட்டுவிடுங்கள், நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். சலூன்காரர், மளிகைக்கடை அக்கா, கூடப் படித்து இப்போது பேச்சு குறைந்துபோனவன், இவர்களிடம் சொல்லுங்கள். சொல்லும்போது அவர்கள் கை செல்போனுக்குப் போகிற இடத்தை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த இடத்தைத் திருத்துங்கள்.

பழனியம்மா கதையைச் சென்னையில் ஒரு தயாரிப்பாளரிடம் சொன்னேன். 62 காட்சி. அவர் பாதியில் இரண்டு போன் பேசினார், முடிவில் "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அங்கே அது நடக்கவில்லை. வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, கதவோரம் நின்று முழுக்கதையும் கேட்டிருந்த அவருடைய டிரைவர் பக்கத்தில் வந்தார். தாராபுரத்துக்காரராம்.

"ஏனுங்க, காளைய வித்ததுக்கப்பறம் அந்தம்மா எப்படீங்க ஊருக்குப் போனாங்க? வாரப்ப மாட்டோட நடந்து வந்தாங்க. போறப்ப? எங்கூர்ல மாட்டக் குடுத்தாலும் கயித்தக் குடுக்க மாட்டாங்களே."

எனக்குப் பதில் தெரியவில்லை. 62 காட்சியிலும் அது இல்லை. அன்று ராத்திரி கோவை ரயிலில் மேல் பர்த்தில் படுத்துக்கொண்டு எழுதினேன்.

காட்சி 63
உள் – மினி பஸ் – பொழுது சாயும் நேரம்

ஜன்னலோரம் பழனியம்மா. மடியில் மஞ்சப்பை. பைக்கு வெளியே மூக்கணாங்கயிற்றின் முனை தொங்குகிறது. அதில் ஒட்டியிருக்கும் மயிலை மயிரை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போடுகிறாள். கண்டக்டர் வந்து நிற்கிறார்.

கண்டக்டர்: எத்தனைங்கம்மா?

அவள் பக்கத்து இடத்தைப் பார்க்கிறாள்.

பழனியம்மா: ஒண்ணுதானுங்க.